காலையில் ஒரு பக்கம் உட்கார்ந்துவிடும் பஸ்: கம்ப்ரசரை மாற்றுவதற்கு முன்னால்

நீங்கள் எழுதியதிலிருந்து நான் புரிந்துகொண்டது இது. மாதவரத்திலிருந்து எண்ணூர் பக்கம் கம்பெனி ஆட்களை ஏற்றிப் போகிற ஸ்டாஃப் பஸ், பழைய வண்டியாக வாங்கியது, பின்னால் ஏர் சஸ்பென்ஷன். ராத்திரி நேராக நிற்கிற வண்டி விடிகாலையில் இடது பின்பக்கம் உட்கார்ந்திருக்கிறது. ஸ்டார்ட் செய்தால் எழுந்து நிற்கக் கால் மணி நேரம் ஆகிறது, கம்ப்ரசர் ஓய்வே எடுப்பதில்லை என்று டிரைவர் சொல்கிறார். மெக்கானிக், கம்ப்ரசரையும் பின் பெல்லோ (ஸ்பிரிங் மாதிரி எடை தாங்குகிற, காற்று அடைத்த ரப்பர் பை) எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றச் சொல்லி ஒரு பெரிய தொகை சொல்லியிருக்கிறார். நீங்கள் கேட்டது அவர் சொல்வது சரியா என்று. ஆனால் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, காசை முதலில் எதில் போடுவது, அதுவரை வண்டியை ஓட்டலாமா என்பதுதான். இந்த இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். மாதவரம், மூலக்கடை சுற்றுவட்டாரத்தில் பஸ், லாரிகளின் ஏர் வேலைதான் பல வருஷமாக என் பிழைப்பு.

வண்டியைப் பார்க்காமல் இன்ன பாகம்தான் போயிருக்கிறது என்று யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்லமாட்டேன். ஆனால் ஒன்றை மட்டும் இங்கிருந்தே உறுதியாகச் சொல்லலாம். நிறுத்திவைத்த வண்டி கீழே இறங்குவதற்குக் கம்ப்ரசர் காரணமாக இருக்க முடியாது. இஞ்சின் ஓடினால்தான் கம்ப்ரசருக்கு வேலை, ராத்திரி முழுக்க அது சும்மா இருக்கிறது. பெல்லோவுக்குள் அடைத்த காற்று எங்கோ வெளியே போகிறது, அதனால்தான் வண்டி உட்காருகிறது. கம்ப்ரசர் ஓய்வில்லாமல் ஓடுவதும் பெரும்பாலும் அதே லீக்கின் விளைவுதான், போகிற காற்றை ஈடுகட்ட அது மூச்சுப்பிடித்து ஓடுகிறது. புதுக் கம்ப்ரசர் போட்டாலும் லீக் இருக்கிற வரை அதுவும் அப்படித்தான் ஓடும், சூடேறும், ஆயிலைத் தள்ளும், கொஞ்ச நாளில் பழையதாகிவிடும். அதனால் காற்று எங்கே போகிறது என்று கண்ணால் பார்க்காமல் எதையும் மாற்றாதீர்கள்.

முதல் சோதனைக்குக் காசே தேவையில்லை. ராத்திரி வண்டியை நிறுத்தும்போது டேஷ்போர்டில் பிரேக் காற்றழுத்தம் காட்டுகிற இரண்டு முள்ளும் எங்கே நிற்கின்றன என்று செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். காலையில் சாவியைத் திருப்பி, இஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல், இன்னொரு படம். ஏர் பிரேக் வண்டிகளில் காற்று முதலில் பிரேக் டேங்குகளுக்குப் போகும். அங்கே போதுமான அழுத்தம் ஏறிய பிறகுதான் சஸ்பென்ஷனுக்குத் திறக்கும் ஒரு பாதுகாப்பு வால்வு இருக்கிறது. திரும்பி இறங்கும்போதும் ஒரு அளவுக்குக் கீழே அது மூடிக்கொண்டு பிரேக் காற்றைக் காப்பாற்றும். ஆகவே காலையில் முள் கொஞ்சம் இறங்கி ஒரு இடத்தில் நின்றிருந்து வண்டி மட்டும் உட்கார்ந்திருந்தால் லீக் சஸ்பென்ஷன் பக்கம். முள் இரண்டில் ஒன்று பூஜ்யத்துக்குப் போயிருந்தால் உங்களுக்கு வேறொரு லீக் பிரேக் லைனில் இருக்கிறது, அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும், சஸ்பென்ஷன் காத்திருக்கலாம். காலையில் எழுந்து நிற்கக் கால் மணி நேரம் ஆவதற்கும் இதில் பதில் இருக்கலாம். பிரேக் டேங்க் காலியாக இருந்தால் அது நிரம்பும் வரை சஸ்பென்ஷனுக்குக் காற்றே வராது. அதைப் பார்த்துக் கம்ப்ரசர் பலவீனம் என்று முடிவுகட்டுவது தப்பு.

அடுத்தது, பின்னால் எத்தனை லெவலிங் வால்வு இருக்கிறது என்று எண்ணுங்கள். சேஸிஸில் பொருத்தி, ஒரு சின்ன ராடால் ஆக்ஸிலோடு இணைத்திருக்கும் வால்வு அது. வண்டி தாழ்ந்தால் பெல்லோவுக்குக் காற்றை விடும், உயர்ந்தால் வெளியேற்றும், சரியான உயரத்தில் இரண்டையும் மூடிக்கொண்டு சும்மா இருக்கும். பல பஸ்களில் முன்னால் ஒன்று, பின்னால் இடது வலது என இரண்டு. அப்படி இருந்தால் இடது பக்கம் மட்டும் இறங்குவது நியாயம்தான், அந்தப் பக்கத்து வால்வு, பைப், பெல்லோ மூன்றில் ஒன்று. பின்னால் ஒரே வால்வு இருந்து இரண்டு பக்கத்துக்கும் காற்று அதிலிருந்தே போகிறது என்றால் கதை வேறு. அப்போது இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம், லீக் எந்தப் பக்கம் இருந்தாலும் இரண்டும் சேர்ந்துதான் இறங்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சாய்கிறது என்றால் காற்றை விட்டுவிட்டு இரும்பைப் பாருங்கள்: உடைந்த பிராக்கெட், தேய்ந்த புஷ், முறிந்த ஸ்டெபிலைசர் லிங்க். அதற்கும் முன்னால் வண்டி நிற்கிற தரையைப் பாருங்கள். நம் பக்கத்துத் தெருக்களில் இடது சக்கரம் கால்வாய் ஓரம் இறங்கி நின்றாலே பஸ் சாய்ந்துதான் தெரியும். சமமான சிமெண்ட் தரையில் ஒரு ராத்திரி நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் மற்றது.

சரி, பின்னால் இரண்டு வால்வு, முள்ளும் பாதியில் நின்றிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது லீக்கைத் தேட வேண்டும். அதற்கு முன் ஒரு விஷயம், இதில் விளையாடாதீர்கள்: காற்றில் நிற்கிற வண்டிக்கு அடியில் யாரும் போகக் கூடாது. ஒரு பைப் கழன்றாலோ பெல்லோ வெடித்தாலோ பஸ் ஒரு நொடியில் இறங்கிவிடும், அடியில் இருக்கிறவருக்கு நகர இடம் இருக்காது. சக்கரத்துக்குக் கட்டை, சேஸிஸுக்கு அடியில் எடை தாங்குகிற ஸ்டாண்டு, அதற்குப் பிறகுதான் உள்ளே தலை. ஜாக்கி மட்டும் போதாது. எந்த யூனியனை, அதாவது பைப் இணைப்பை, கழற்றுவதாக இருந்தாலும் முதலில் காற்றை முழுக்க இறக்கிவிட வேண்டும். அவசரத்தில் இதை விட்டுவிடுகிற பையன்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

வண்டி முழு அழுத்தத்துக்கு ஏறியதும் இஞ்சினை நிறுத்துங்கள். மட்கார்டு விளிம்பிலிருந்து சக்கரத்தின் நடு வரை நான்கு மூலையிலும் டேப் வைத்து அளந்து, டயர் மேலேயே சாக்பீஸால் எழுதிவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து ஒரு தடவை, படுக்கப் போகும் முன் ஒரு தடவை, காலையில் ஒரு தடவை. இறங்குகிற வேகம் நிறையச் சொல்லும். அரை மணிக்குள் உட்கார்ந்தால் காதிலேயே கேட்கிற அளவு லீக், தெரு அடங்கிய நேரத்தில் பக்கத்தில் நின்றால் போதும். விடிய விடிய மெதுவாக இறங்கினால் சோப்புத் தண்ணிதான். பின்னால் இரண்டு பக்கமும் ஒரே சீராகக் கொஞ்சம் இறங்கினால் கவலைப்பட வேண்டாம், ராத்திரிக் குளிரில் உள்ளே இருக்கிற காற்று சுருங்கும்.

சோப்புத் தண்ணி வைப்பதிலும் பக்குவம் இருக்கிறது. சாதாரணச் சோப்பைக் கரைத்து, பெயிண்ட் பிரஷ்ஷால் பூசுங்கள், ஊற்றாதீர்கள், ஊற்றினால் நுரை எங்கிருந்து வந்தது என்றே தெரியாது. பெல்லோவின் ரப்பர் மேல் தட்டைக் கவ்வுகிற விளிம்பு, கீழே பிஸ்டன் என்கிற அடிப்பீடத்தின் மேல் ரப்பர் மடங்கி உருளுகிற இடம், பைப் நுழைகிற யூனியன், லெவலிங் வால்வின் காற்று வெளியேறும் வாய், இந்த நாலு இடத்தையும் ஒவ்வொன்றாக. பெரிய லீக் சைக்கிள் பஞ்சர் மாதிரி குமிழ் விட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். ராத்திரி முழுக்க எடுத்துக்கொள்கிற சின்ன லீக் அப்படிக் குமிழ் விடாது, கடுகளவு வெள்ளை நுரையாகப் பூத்து, துடைத்தாலும் ஒரு நிமிஷத்தில் அதே இடத்தில் மறுபடி பூக்கும். பொறுமையாக நின்று பார்க்க வேண்டும். இன்னொன்று, மடிப்பில் இருக்கிற விரிசல் வண்டி உயரமாக நிற்கும்போது மூடிக்கொண்டு, பாதி இறங்கிய நிலையில் திறந்துகொள்வதும் உண்டு. அதனால் முழு உயரத்தில் எதுவும் அகப்படவில்லை என்றால் பாதி இறங்கியபின் இன்னொரு முறை பூசிப் பாருங்கள். பெல்லோ நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது தடவையை விட்டவர்கள்தான்.

வால்வுக்கு வருவோம். உயரம் சரியாக இருக்கும்போதும் அதன் வெளியேறும் வாயில் நுரை தொடர்ந்து பூத்தால் வால்வில்தான் கோளாறு. ராடைக் கழற்றி, கையால் லீவரை மேலே தூக்கினால் அந்தப் பக்கம் எழ வேண்டும், கீழே தள்ளினால் புஸ்ஸென்று காற்று வெளியேறி இறங்க வேண்டும், நடுவில் விட்டால் சத்தமே இருக்கக் கூடாது. சில வகை வால்வு சில விநாடி தாமதித்துத்தான் வேலை செய்யும், குழி மேடு ஒவ்வொன்றுக்கும் காற்றை வீணாக்கக் கூடாது என்று வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள், அதைப் பழுது என்று நினைக்காதீர்கள். கழற்றிப் பார்த்தால் உள்ளே டெஃப்லான் டேப்பின் துணுக்கு மாட்டியிருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். யூனியனில் டேப்பைச் சுற்றிச் சுற்றிப் போட்டு, அது பிய்ந்து காற்றோடு போய் வால்வின் சீட்டில் உட்கார்ந்துவிடும். சுத்தம் செய்தாலே சரியாகிவிடும். நைலான் பைப்பை ஆக்ஸா பிளேடால் பிசிறாக அறுத்துச் சொருகியிருந்தாலும் அந்த முனையில் லீக் நிற்காது, கூர்மையான பிளேடால் நேராக வெட்ட வேண்டும்.

இதிலேயே ஒரு நுணுக்கம், பலர் கவனிக்காதது. லெவலிங் வால்வுக்குள் காற்று வரும் வழியில் ஒரு செக் வால்வு உண்டு. டேங்கில் காற்று தீர்ந்தாலும் பெல்லோவில் இருப்பது பின்னால் ஓடிவிடக் கூடாது என்பதற்காக. அது போயிருந்தால் பெல்லோவும் நல்லா இருக்கும், யூனியனும் நல்லா இருக்கும், சோப்புத் தண்ணியில் எதுவுமே அகப்படாது, ஆனால் காலையில் வண்டி உட்கார்ந்திருக்கும். காரணம், வேறெங்கோ ஒரு லீக் டேங்கைக் காலி செய்கிறது, இந்தப் பக்கத்துக் காற்றும் அதன் பின்னாலேயே போய்விடுகிறது. சோதிப்பது சுலபம். வண்டி முழு உயரத்தில் நிற்கும்போது இஞ்சினை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை போட்டு, அடியில் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, சஸ்பென்ஷன் டேங்கின் அடியில் தண்ணி இறக்குகிற டிரெயின் காக்கைத் திறந்து காற்றை இறக்குங்கள். வலது பக்கம் அசையாமல் நின்று, இடது பக்கம் மட்டும் டேங்கோடு சேர்ந்து இறங்கினால் ஆள் அகப்பட்டுவிட்டார். உங்கள் டிரைவர் தினமும் சாயங்காலம் டேங்கில் தண்ணி இறக்குகிற பழக்கம் உள்ளவரா என்று கேளுங்கள். நல்ல பழக்கம்தான், ஆனால் செக் வால்வு போன வண்டியில் அது இந்த மாதிரி வெளிப்படும்.

பெல்லோதான் என்று தெரிந்தால், அது ஏன் போனது என்று கேட்காமல் புதியதைப் போடாதீர்கள். ஷாக் அப்சார்பரின் வேலை ஆட்டத்தை அடக்குவது மட்டுமில்லை, பல வண்டிகளில் ஆக்ஸில் கீழே தொங்கும்போது பெல்லோ அளவுக்கு மீறி இழுபடாமல் தடுப்பதும் அதுதான். ஷாக்கின் கண்ணில், அதாவது போல்ட் நுழைகிற வளையத்தில், புஷ் போயிருந்தாலோ ஷாக்கே கழன்றிருந்தாலோ ஒவ்வொரு குழியிலும் ரப்பர் இழுபட்டு விளிம்பிலிருந்து பிரியும். கன்டெய்னர் லாரிகள் குழித்துப்போட்ட எண்ணூர், மணலி ரோடுகளில் இது சீக்கிரம் நடக்கும். புதுப் பெல்லோ போட்டு ஒரு மழைக்காலம் தாங்கவில்லை என்றால் பெல்லோவைத் திட்டுவதற்கு முன் ஷாக்கைப் பாருங்கள். எல்லாவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டுமா என்று கேட்டால், கட்டாயமில்லை என்பது என் அபிப்பிராயம். வலது பக்கத்து ரப்பரை வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள், மேலோட்டமான மயிர்க்கோடுகள் மட்டும் என்றால் விட்டுவிடலாம், விரிசலுக்குள் நூல் இழை தெரிந்தால் அதுவும் போகவேண்டியதுதான். பழைய பெல்லோவை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிப் போடாதீர்கள். இரும்புச் சாமான் பழையதாக வாங்கலாம், காற்று தாங்குகிற ரப்பரை வாங்கக் கூடாது.

உங்கள் வண்டி நிற்கிற, ஓடுகிற இடத்தையும் சேர்த்து யோசிக்க வேண்டும். கடலோர உப்புக்காற்று லெவலிங் ராடின் முனைகளையும் டேங்கின் அடிக் காக்கையும் அரிக்கும். துருப்பிடித்து இறுகிய ராடு முனை திரும்பாமல் வளைந்து, வால்வுக்குத் தப்பான உயரத்தைச் சொல்லும். அனல்மின் நிலையச் சாம்பலும் மணலும் பெல்லோவின் மடிப்பில் சேர்ந்து ரப்பரை அரைக்கும், வாரம் ஒரு தடவை வெறும் தண்ணியும் சோப்பும் போட்டு அந்த மடிப்பைக் கழுவினாலே ஆயுள் கூடும். டீசல், பெட்ரோல், கிரீஸ் எதையும் பெல்லோ பக்கம் கொண்டுபோகாதீர்கள், ரப்பர் ஊதிப்போகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகம் வரை எண்ணெய் படர்ந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பழைய வண்டியாக வாங்கியிருக்கிறீர்கள், அந்தத் தண்ணியில் நின்ற வண்டியா என்று விற்றவரிடம் கேளுங்கள். ரப்பரைக் கையால் அழுத்திப் பார்த்தால் ஒரு இடம் மட்டும் கொழகொழவென்று மெத்தென இருந்தால் எண்ணெய் பட்டது என்று சந்தேகப்படலாம், உறுதி என்று சொல்லமாட்டேன்.

கம்ப்ரசரைக் கடைசியில்தான் விசாரிக்க வேண்டும், லீக்கை அடைத்த பிறகு. அதற்கு முன் சோதித்தால் பாவம், நல்ல கம்ப்ரசரும் மோசமாகத்தான் தெரியும். டேங்கின் காக்கைத் திறந்து வருவதைக் கையில் பிடித்துப் பாருங்கள். வெறும் தண்ணி என்றால் காற்றின் ஈரத்தை உறிஞ்சுகிற ட்ரையர் கார்ட்ரிட்ஜின் காலம் முடிந்திருக்கும், சென்னை ஈரக்காற்றுக்கு அதைத் தள்ளிப்போடக் கூடாது. பால் மாதிரி, ஆயில் கலந்து வந்தால் கம்ப்ரசரின் ரிங் தேய்ந்து ஆயிலைத் தள்ளுகிறது. அழுத்தம் ஏறும் நேரத்தையும் அளக்கலாம். அமெரிக்காவில் கனரக வண்டி ஓட்டுநர் கையேடுகளில் ஒரு கணக்கு இருக்கிறது: வேலை செய்கிற வேகத்தில் இஞ்சின் ஓடும்போது சதுர அங்குலத்துக்கு 85 பவுண்டிலிருந்து 100 பவுண்டுக்கு, அதாவது சுமார் 6 பாரிலிருந்து 7 பாருக்கு, 45 விநாடிக்குள் ஏற வேண்டும். இஞ்சினை நிறுத்தி, பிரேக்கை விடுவித்த நிலையில், நிமிஷத்துக்கு 2 பவுண்டுக்கு மேல் குறையக் கூடாது, பிரேக்கை மிதித்தபடி என்றால் 3 பவுண்டு. பிரேக்கை விடுவிப்பதால் இதற்கும் சக்கரத்துக்குக் கட்டை வேண்டும். உங்கள் வண்டிக்கான சரியான எண் கம்பெனி மேனுவலில் இருக்கும், டேங்க் பெரிதாக இருந்தால் ஏறும் நேரம் இன்னும் கொஞ்சம் கூடும். ஆனாலும் 45 விநாடி எடுக்க வேண்டிய இடத்தில் மூன்று நிமிஷம் ஆனால், லீக் எதுவும் இல்லாமலும் அப்படி ஆனால், உங்கள் மெக்கானிக் சொன்னது சரி, மாற்றிவிடுங்கள்.

அதுவரை ஓட்டலாமா? காலையில் வண்டி முழு உயரத்துக்கு எழுந்து, முள் இரண்டும் ஏறி நின்று, ஓடும்போது இறங்காமல் இருந்தால், வொர்க்‌ஷாப்புக்கு நேரம் கிடைக்கும் வரை ஓட்டலாம். எழுந்து நிற்பதற்கு முன் கேட்டை விட்டு நகர்த்தவே கூடாது. காற்றில்லாத பெல்லோவின் ரப்பர் தட்டுக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் நசுங்கிக் கிழியும், சின்ன லீக் பெரிய செலவாகும். எழுந்த பிறகு மடிப்பு சரியாக விரிந்திருக்கிறதா என்று வெளியே நின்றபடியே டார்ச் அடித்து ஒரு பார்வை. ஓடும்போதே ஒரு பக்கம் சாய்ந்தாலோ, காற்று குறைவு என்று பஸ்ஸர் அடித்தாலோ, ஓரம் கட்டி ஆட்களை இறக்கிவிடச் சொல்லுங்கள். ஷிஃப்ட்டுக்கு நேரமாகிறது என்று யாரும் அவரை அவசரப்படுத்தக் கூடாது, அதை நீங்களே டிரைவரிடம் வாய்விட்டுச் சொல்லிவைக்க வேண்டும்.

வொர்க்‌ஷாப்பில் யாராவது லெவலிங் ராடை முறுக்கி இடது பக்கத்தை உயர்த்திவிட்டு முடிந்தது என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். லீக் அப்படியே இருக்கும், அதோடு ஷாக் முழு நீளத்துக்கு இழுபடும், கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகிற கார்டன் ஷாஃப்ட்டின் கோணம் மாறி அதிர்வு வரும். ராடின் நீளத்தை மாற்றுவது மேனுவலில் சொன்ன உயரத்தை அளந்து வைக்க மட்டுமே. எலக்ட்ரானிக் வகை என்றால் ராடுக்குப் பதில் உயர சென்சார் இருக்கும், அதற்கு ஸ்கேனர் போட்டு எரர் கோடு பார்க்கிற ஆளிடம் போங்கள், சோப்புத் தண்ணி வேலை மட்டும் அதற்கும் பொருந்தும்.

முள்ளின் இரண்டு படங்களையும், சாக்பீஸ் அளவுகளையும், பின்னால் எத்தனை வால்வு என்பதையும் எழுதுங்கள். அதை வைத்துக்கொண்டு வால்வா பெல்லோவா என்று இன்னும் கொஞ்சம் நெருங்கிச் சொல்ல முடியும்.